பதினான்கு முறை தீ

நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட் கூடுவதற்குள் ஒரு கேசட் கிடைக்காவிட்டால், யோர்ன் பேட்ரிக் ஜெயிலிலிருந்து வெளியே வரும்போது அவருடைய மகளுக்குத் தலை நரைத்திருக்கும்.

அந்த மகள் எங்கள் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் மாரென், இருபத்திரண்டு வயது, மூன்று நாளாகத் தூங்காத கண்கள். எதிரே என் பாஸ் ஹென்ரிகே ஷ்டோல்ஸ். ஐம்பத்து நாலு வயது, முன்னாள் இன்ஷூரன்ஸ் புலனாய்வாளர், கோட்புஸ் நகரத்தில் என் ஜோக்குக்கு ஒருமுறைகூடச் சிரிக்காத ஒரே பெண்மணி. நான் டீலோ. உதவியாளன், டிரைவர், காபி போடுபவன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு, அதை நான் மறுத்ததில்லை.

"முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லு" என்றார் பாஸ்.

"எத்தனை தடவை மேடம் சொல்றது?"

"எனக்குப் புரியறவரைக்கும்."

மாரென் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "பதினொரு வருஷம் முன்னாடி, ஜூலை இருபத்தஞ்சு. சாயந்திரம் எட்டரைக்கு ஹால்டே பாண்டோட ஒத்திகைக் கூடம் தீப்பிடிச்சு எரிஞ்சுது. உள்ள இருந்த மேனேஜர் சில்வியோ செத்துப்போனார். யாரோ காஸ் வால்வைத் திறந்து விட்டிருக்காங்க. போன வருஷம் அந்த இடிபாட்டைக் கிளறினப்ப எங்க அப்பா பேர் பொறிச்ச காஸ் சாவி கிடைச்சுது. உடனே புடிச்சுட்டாங்க. ஆனா அப்பா அந்த நேரத்துல தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, கல்குவாரிக் கச்சேரியில தீ விட்டுக்கிட்டு இருந்தார்."

தீ விடுவதுதான் யோர்னின் தொழில். ஹால்டே பாண்டு மேடை ஏறினால் வெல்டிங் பட்டறையில் இடி விழுந்த மாதிரி இருக்கும். பாடகர் இரும்புத் தகட்டை அடிப்பார், கிடார்கள் உறுமும், சரியான தாள அடியில் மேடையின் இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குத் தீ எழும். நானே இரண்டு வருஷம் அவர்களுக்கு ஸ்பீக்கர் தூக்கினேன். அந்தக் கச்சேரிக்கு ஒரு வருஷம் முன்பு என் முதுகெலும்பு ராஜினாமா செய்துவிட்டது.

"கூட இருந்தவங்க யாரும் சாட்சி சொல்லலையா?" என்று கேட்டேன்.

"பாடகர், 'யோர்ன் எப்பவும் இருப்பான், அன்னைக்கு இருந்தானான்னு ஞாபகம் இல்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டார். அப்பாவோட உதவியாள் செத்து ஆறு வருஷம் ஆச்சு. முகமூடியும் தீப்பிடிக்காத கோட்டும் போட்டுக்கிட்டு மேடைக்குப் பின்னாடி நிக்கறவனை யார் சார் பாக்கறாங்க?"

மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அந்தக் கச்சேரியின் லைவ் ஆல்பம். அட்டையில் பெரிய எழுத்தில், 'ஒரு ஸ்வரம்கூடத் திருத்தப்படவில்லை' என்று போட்டிருக்கிறது. யோர்ன் போலீஸில் கொடுத்த வாக்குமூலம் ஆல்பத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மொத்தம் பதினான்கு தீ, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்று ஒன்று விடாமல் சொல்லியிருந்தார்.

"அப்புறம் என்ன பிரச்சினை?"

பாஸ் பதில் சொன்னார். "யோர்ன் கையால தீ விடற ஆள். ஒவ்வொரு தீயும் தாள அடிக்குக் கண்ணிமைக்கிற நேரம் முன்னாடி வரும். உதவியாள் கம்ப்யூட்டரை நம்பறவன், அவன் விட்டா கச்சிதமா அடி மேலேயே வரும். ஆல்பத்துல பதினாலும் அடி மேலேயே இருக்கு. அதனால அன்னைக்குத் தீ விட்டது உதவியாள்தான், யோர்ன் அங்க இல்லைன்னு சொல்றார் அரசு வக்கீல்."

"ஸ்டுடியோவுல சரிபண்ணியிருப்பாங்க!" மாரென் கத்தியே விட்டாள். "அட்டையில என்ன வேணா போடுவாங்க. எல்லா பாண்டும் பண்றதுதான். சரி பண்ணாத ஒலிப்பதிவு ஒண்ணு கிடைச்சா அப்பாவோட கை தானா பேசும் மேடம்!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சில்வியோ என்ற பெயர் வரும்போதெல்லாம் அவள் குரல் இறங்குவதையும் கவனித்தேன். அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தானாம். மாமா என்றுதான் கூப்பிடுவாளாம்.

பாஸ் மேஜை மேல் மூன்று பக்க ஜெராக்ஸைப் பரப்பினார். முந்தின நாள் ட்ரெஸ்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் கொடுத்தது. யாரோ ஒரு ரசிகர், கூட்டத்தில் நின்று தானே பதிவு செய்த ஹால்டே கச்சேரிகளின் பட்டியல். மொத்தம் அறுபத்தொன்று. பெயரும் கிடையாது, விலாசமும் கிடையாது. தட்டச்சு மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"படி" என்றார் பாஸ்.

"ட்ரெஸ்டன். இடது தூண் பக்கம். மழை. இருபத்தொன்று நாற்பது மணிக்கு நிறுத்தம், கடைசி மூன்று பாட்டு இல்லை. பெர்லின். மேகமூட்டம். இருபத்தொன்று பத்துக்கு நிறுத்தம், கடைசி ஐந்து பாட்டு இல்லை." நான் நிமிர்ந்தேன். "பாவம் பாஸ், மட்டமான பேட்டரி வாங்கியிருக்கார்."

"அறுபத்தொரு தடவையுமா? இதைப் படி."

"நாலாவது பாட்டின் நடுவே சரக்கு ரயில் சத்தம். ஆறு நிமிடம் தாமதம்."

"பாட்டு கேக்கப் போன இடத்துல, சரக்கு ரயில் லேட்டுன்னு எழுதி வைக்கிறவன் யாரு?"

"பொண்டாட்டி இல்லாதவன்."

"ரயில்வேக்காரன்" என்றார் பாஸ், சிரிக்காமல். "கார் கிடையாது, ரயில்லதான் போவான், ரயில்லதான் வருவான். கடைசி வண்டியைப் புடிக்கணும்னு பாட்டை பாதியில விட்டுட்டு ஓடறான். ட்ரெஸ்டன்லேருந்து கடைசி வண்டி, பெர்லின்லேருந்து கடைசி வண்டி, லைப்ஸிக்லேருந்து கடைசி வண்டி. மூணும் சேர்ற ஊர் எதுன்னு பாத்தா போதும்."

பாஸ் எதையும் தூக்கிப் போட மாட்டார். அந்த வருஷத்து ரயில் அட்டவணைப் புத்தகம் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பதினைந்து நிமிடம் விரலால் கோடு இழுத்துவிட்டு, ஒரு பெயரின் மேல் நகத்தை ஊன்றினார். கலாவ். கோட்புஸிலிருந்து அரை மணி.

மாரென் எழுந்தே நின்றுவிட்டாள். நான் பட்டியலில் குவாரிக் கச்சேரியைத் தேடினேன். இருந்தது. '25.7.98. குவாரி. மேடைக்கு நேர் எதிரே. 34 டிகிரி, கிழக்குக் காற்று, 4.'

"இந்த நாலு என்ன பாஸ்? மார்க்கா?" எங்கள் ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ஒன்று வாங்கினால் கேக் உண்டு, நாலு வாங்கினால் அன்றைக்கு அப்பா பேச மாட்டார். "அப்பாவுக்குக் காட்டப் பயப்படற மார்க். கச்சேரி அவ்வளவு சுமாரா?"

பாஸ் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற எந்த வரியிலயும் அது இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கலாவ் ஸ்டேஷன் வாசல் கடையில், சூடான பாக்வுர்ஸ்ட் சாஸேஜுக்குக் கடுகு பிதுக்கிக் கொடுத்த அம்மாள், நான் கேள்வியை முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். "சிக்னல் எக்கெஹார்டா? அந்தப் பச்சை வேலி. அறுபத்தெட்டு வயசுல கறுப்பு பனியன் போட்டுக்கிட்டு ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துவான், பாருங்க."

நிஜமாகவே ஊற்றிக்கொண்டிருந்தார். எக்கெஹார்ட் லேனிக், ஓய்வு பெற்ற சிக்னல்மேன். வாசலிலேயே எங்கள் செருப்புகளைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு ஜோடி கம்பளிச் செருப்பு கொடுத்தார். எனக்குக் கிடைத்தவை இரண்டும் இடது கால்.

உள்ளே சுவர் முழுக்க கேசட்டுகள், தேதி வரிசையில். மாரென் அந்தச் சுவரைக் கோயிலில் நிற்பவள் போலப் பார்த்தாள்.

"ஜூலை இருபத்தஞ்சு, தொண்ணூத்தெட்டு" என்றாள். "தயவு பண்ணிக் குடுங்க ஐயா. எங்க அப்பா உயிர் அதுலதான் இருக்கு."

"குடுக்கறது கிடையாதும்மா. விக்கறதும் கிடையாது" என்றார் கிழவர் அமைதியாக. "மாத்திக்கறதுதான். எங்கிட்ட இல்லாத பதிவு ஒண்ணு குடுத்தா, நான் ஒண்ணு தருவேன். முப்பது வருஷமா ரசிகர்களுக்குள்ள இதுதான் சட்டம். நீங்க யாரா இருந்தாலும் சரி."

"சார், ஒரு மனுஷன் ஜெயில்ல இருக்கான்" என்றேன்.

"சட்டம்னா சட்டம்தானே தம்பி? இன்னைக்கு ஒருத்தருக்கு வளைச்சா நாளைக்கு விலை பேசுவாங்க."

எனக்குக் கோபம் மண்டைக்கேறியது. சிவப்பு விளக்கு எரிந்தால் நடுச்சாலையில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்கிற இனம் நாங்கள், தெரியும். அதற்காக இப்படியா? வாயைத் திறந்தேன். பாஸ் என் காலை மிதித்தார்.

மாரென் பைக்குள் கைவிட்டு ஒரு கேசட்டை எடுத்தாள். "இது உங்ககிட்ட இருக்காது. ஒத்திகைக் கூடத்துல எடுத்தது. அப்பா என்னை மடியில வெச்சுக்கிட்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, இப்ப... அப்படின்னு. எனக்கு ஏழு வயசு." கேசட்டை அவரிடம் நீட்டினாள். "அவர் சிரிக்கிற சத்தம் இதுல மட்டும்தான் இருக்கு. வேற பிரதி இல்ல."

எக்கெஹார்ட் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சட்டை நுனியால் துடைத்து, அலமாரியில் இடம் பார்த்து வைத்தார். பிறகு குவாரி கேசட்டை எடுத்து வந்து கருவியில் போட்டார்.

இரைச்சல், விசில், யாரோ இருமுகிறார்கள். அப்புறம் முரசு. கிடார்கள் மொத்தமாக இறங்கின. பாடகர் தகட்டை அடித்தார்: ஒன்று, இரண்டு, மூன்று. மாரென் விரலை உயர்த்தினாள். ஆல்பம் அவளுக்கு மனப்பாடம். இதோ, இந்த இடத்தில் முதல் தீ.

தீ வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதோ கேட்டது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாயைக் குவித்து ஊதுகிற சத்தம். ஃபூஊஊ! அப்புறம் ஒரே சிரிப்பு.

"என்னது இது?" என்றாள் மாரென்.

இரண்டாவது இடம் வந்தது. மறுபடி ஃபூஊஊ. மறுபடி சிரிப்பு. மூன்றாவது இடத்தில் பாடகரே நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னது தெளிவாகக் கேட்டது. "நெருப்பை விட நீங்களே தேவலை! சூடு மட்டும் பத்தல!"

பாஸ் கையை நீட்டிக் கருவியை நிறுத்தினார். "ஐயா, அன்னைக்குத் தீ இல்லையா?"

"ஏது தீ?" எக்கெஹார்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. "பட்டியல்ல எழுதியிருக்கேனே, நாலுன்னு. காட்டுத் தீ எச்சரிக்கை, நாலாம் எண். அதுக்கு மேல எண்ணே கிடையாது. குவாரியைச் சுத்தி பைன் காடு, ஒரு மாசமா மழை இல்ல. தீயணைப்புக்காரங்க மத்தியானமே வந்து காஸ் குழாய்க்கு சீல் வெச்சுட்டாங்க. ஒரு தீப்பெட்டிகூடக் கொளுத்தக் கூடாதுன்னுட்டாங்க. பாடகர் மேடையேறி, இன்னைக்குத் தீ கிடையாது, நீங்களே வாயால விடுங்கன்னார். நானூறு பேரும் விட்டோம். பதினாலு தடவை."

"ஆனா ஆல்பத்துல..."

"ஸ்டுடியோவுல ஒட்டினது. எங்க வாய்ச் சத்தத்தை வழிச்சு எடுத்துட்டு, ஒவ்வொரு எடத்துலயும் தீயை அடி மேல உக்கார வெச்சிருக்காங்க. ஒரு ஸ்வரம்கூடத் திருத்தலைன்னு அட்டை வேற! நாங்க கடுதாசி போட்டோம், பதில் வரல. நம்ம பாண்டுதானேன்னு விட்டுட்டோம். அப்புறம் யாரும் எங்களைக் கேக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யோர்ன் போலீஸில் சொன்ன பதினான்கு தீயும் குவாரியில் எரியவே இல்லை. அவை ஆல்பத்தில் மட்டும்தான் எரிந்தன. அந்த வாக்குமூலம் கச்சேரியில் நின்ற ஆளுடையது அல்ல. வீட்டில் உட்கார்ந்து ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஆளுடையது. தன் பாண்டு அட்டையில் போட்ட சத்தியத்தை அவரே நம்பிவிட்டார்.

மாரெனுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் விடவில்லை. பேச்சு ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தது.

"இருந்திருப்பார். தீ இல்லாததால சும்மா பின்னாடி உக்காந்திருப்பார். பதினொரு வருஷம் ஆச்சே மேடம், குழப்பிக்கிட்டார். வருஷத்துக்கு நூறு கச்சேரி. எதுல தீ விட்டோம், எதுல விடலைன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? சொல்லுங்க!"

"இருக்கலாம்" என்றார் பாஸ். அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. "ஆனா நானூறு பேர் தன் வேலையை வாயால பண்ண ஒரு சாயந்திரத்தை, எந்தத் தீக்காரன் மறப்பான்?"

மாரென் முகத்தை மூடிக்கொண்டாள். எக்கெஹார்ட் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்குப் போய், வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் ஆளி எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. கிளம்பும்போது அவர் ஒத்திகைக் கேசட்டை எடுத்து நீட்டினார். சட்டத்தை அவரே வளைத்தார்.

"வேணாம் ஐயா. நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் அவள்.

வேனில் பாஸ் குவாரி கேசட்டை அவள் மடியில் வைத்தார். "நீ கூப்பிட்டு நான் வந்தேன். இது உன்னோடது. ஷ்ப்ரே ஆத்துல தூக்கிப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். டீலோவும் கேக்க மாட்டான்."

"நான் பேசாம இருந்ததே கிடையாது பாஸ்" என்றேன். "இதுல இருப்பேன்."

பத்து கிலோமீட்டர் போனதும் அவள் கேசட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "இன்னைக்கு நாலு மணிக்கு அப்பாவைப் பாக்க அனுமதி இருக்கு. நானே கேக்கறேன். அவர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்" என்றாள்.

அனுமதிச் சீட்டில் அவளோடு என் பெயரும் இருந்தது. பாஸுக்கும் அந்த ஜெயிலுக்கும் பழைய தகராறு, அவர் வேனிலேயே இருந்துவிட்டார். போகும் வழியெல்லாம் நான் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வறட்சி என்றோ, சீல் என்றோ. அந்த மனிதர் உடனே பிடித்துக்கொள்வார், நாளைக்குக் கதையை மாற்றிக்கொள்வார். அவள் சொல்லட்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

யோர்ன் பேட்ரிக் ஒல்லியாக இருந்தார். புருவம் இரண்டும் எரிந்து எரிந்து வளராமலே போயிருந்தன. மகளைப் பார்த்ததும் முகம் முழுக்க விரிந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த காவலர், "வழக்கு விஷயம் பேசக் கூடாது" என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா கண்ணு? மெலிஞ்சு போயிட்டியே."

"சாப்பிட்டேம்பா." அவள் மேஜை மேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அந்தக் குவாரிக் கச்சேரியைப் பத்திச் சொல்லுங்க. சின்ன வயசுல சொல்வீங்களே, அந்த மாதிரி. கேக்கணும் போல இருக்கு."

அவர் கண்ணில் பெருமை மின்னியது. "அதுவா? என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நாள் அமைஞ்சதில்ல. பதினாலு தீ. ஒண்ணுகூடப் பிசகல. முதல் பாட்டுலயே ரெண்டு, ரெண்டு பக்கமும் சேர்ந்து..." இன்னொரு கையால் காற்றில் தீ எழும் உயரத்தைக் காட்டினார்.

"உங்க முகத்துல சூடு அடிச்சுதாப்பா?"

"அடிக்காம? ராத்திரி வரைக்கும் கன்னம் எரிஞ்சுது."

அவள் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஜனங்க என்னப்பா பண்ணாங்க? தீ வரும்போதெல்லாம் அவங்க என்ன பண்ணாங்க?"

சொல்லுங்கள், என்று எனக்குள் கத்தினேன். ஊதினார்கள் என்று சொல்லுங்கள். சிரித்தார்கள் என்று சொல்லுங்கள்.

"ஜனங்களா?" யோர்ன் சிரித்தார். "வாயே திறக்கல கண்ணு. அசந்துபோய் நின்னாங்க."

மாரென் தலையாட்டினாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். காவலர் நேரமாயிற்று என்று இருமும்வரை வைத்திருந்தாள்.

"அந்த ஒலிப்பதிவு ஏதாவது கிடைச்சுதா?" என்று அவர் கிசுகிசுத்தார். காவலர் மேஜையைத் தட்டினார்.

"கிடைச்சுதுப்பா" என்றாள் அவள்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" கதவு மூடும்வரை அவர் கையாட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பாஸ் வேன் கதவைத் திறந்து பிடித்தார், எதுவும் கேட்கவில்லை. மாரென் பையிலிருந்து கேசட்டை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மூடினாள்.

"நாளைக்குக் காலையில ஜட்ஜ்கிட்ட நீங்களே குடுத்துடுங்க மேடம். சில்வியோ மாமாவோட அம்மா தினமும் கோர்ட்டுல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காங்க." ஜெயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆனா இன்னைக்கே எங்க வக்கீலுக்கு போன் பண்ணாதீங்க. அவர் போய் அப்பாகிட்ட சொல்லிடுவார். நான் காப்பாத்திட்டேன்னு அப்பா நினைச்சுக்கிட்டு இருக்கார். இந்த ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கட்டும்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.